வந்து சேர்ந்த நேரம் 3.42

"ஏங்க, நம்ம பொண்ணு வர்ற வண்டி இன்னும் வரலையா?"

ஜன்னலுக்கு வெளியே நின்று என் மனைவி கேட்டாள். ஸ்டேஷனை ஒட்டினாற்போலத்தான் எங்கள் வீடு. மகள் கல்லூரியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு அவள் இப்படி வந்து எட்டிப் பார்ப்பது தினமும் நடப்பதுதான்.

"அது எப்பவோ வந்துட்டுப் போயிடுச்சே" என்று தலை நிமிராமலே சொன்னேன்.

நான் வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் எங்கள் ஸ்டேஷனுக்கு நூறு வயது. பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் ஸ்டேஷன் மாஸ்டராகிய நான் இரண்டு பக்கம் வாசிக்க வேண்டும்.

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் முதலில் ஒரு தகரக் கொட்டகை வந்தது. கொட்டகையை நம்பி ஊர் வந்தது. முதல் மாஸ்டர் வெயிட்டிங் ரூமில் ஆடு கட்டி வைத்திருந்தாராம். இதை அதிகாரி முன்னால் வாசிக்கலாமா கூடாதா என்றே அரை மணி நேரம் யோசித்துவிட்டு, ஒருவழியாகக் கடைசி வரிக்கு வந்திருந்தேன்.

'இந்த நூறு ஆண்டுகளில் இங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை.'

"என்ன சொல்றீங்க? மூன்றரையிலேருந்து நான் வாசல்லதான் உட்கார்ந்திருக்கேன். பாசஞ்சர் வரவே இல்லை. இப்ப ஒரு கூட்ஸ்தான் போச்சு."

பேனா நின்றது.

வண்டிப் பதிவேட்டை இழுத்துப் பார்த்தேன். பாசஞ்சர், வந்து சேர்ந்த நேரம் 3.42. என் கையெழுத்துதான். முத்து முத்தாக இருந்தது.

அதிகாரி புரட்டிப் பார்ப்பாரே, அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதே என்று காலையிலேயே உட்கார்ந்து எழுதி வைத்தது. வருஷக்கணக்காக அதே நேரத்துக்கு வருகிற வண்டி. என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு அடுத்த ஸ்டேஷனிலிருந்து போன் வந்திருந்தது. பாசஞ்சர் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதா என்றார்கள். பதிவேட்டைப் பார்த்தேன். "3.42க்கே வந்தாச்சு" என்றேன். அப்படியானால் பாதை காலி, கூட்ஸை அனுப்புங்கள் என்றார்கள். பச்சைக்கொடி காட்டி அனுப்பிவிட்டு வரலாற்றுக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைப் பாதை. பாசஞ்சர் பழுதாகி அதில்தான் எங்கோ நிற்க வேண்டும். அதற்கு நேர் எதிரே கூட்ஸை ஏவிவிட்டிருக்கிறேன், பாவி.

என் மகள் எப்போதும் முதல் பெட்டியில்தான் ஏறுவாள். இறங்கினால் நேரே வீட்டு வாசல் என்பாள்.



பாதி வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. கேட்காரர் கேட்டை மூடிவிட்டுக் கைகாட்டியை இறக்கினால்தான் எந்த வண்டியும் அதைத் தாண்டலாம். அங்கே ஒரு போன் இருக்கிறது. ஆனால் கூட்ஸ் கிளம்பிப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. கேட்டைத் தாண்டியிருந்தால் அவ்வளவுதான்.

போனைச் சுழற்றினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

கேட்காரர் எடுக்கவில்லை என்றால் வெளியே நிற்கிறார் என்று அர்த்தம். வெளியே நிற்கிறார் என்றால், கூட்ஸுக்குக் கொடி காட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"என்னங்க, ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றாள் மனைவி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சட்டென்று மணி நின்றது. எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம்.

"சார், மன்னிச்சிடுங்க சார்! கொஞ்சம் கண்ணசந்துட்டேன். கூட்ஸ் தூரத்துல நின்னு ஹாரன் அடிச்சிட்டே இருக்கு சார். இதோ, ஒரே நிமிஷம், கேட்டை மூடிட்டுக் கைகாட்டியை இறக்கிடறேன்."

"இறக்காதே!"

நான் போட்ட கூச்சலில் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பாசஞ்சர் வழியில் நிற்கிறது, கூட்ஸை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டு வரச் சொல் என்றேன். மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

பாசஞ்சர் நிற்கும் பாதையில் கூட்ஸ் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. தன் வேலை போய்விடும் என்ற பயத்தில் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அழ ஆரம்பித்துவிட்டார்.

"எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட இப்படித் தூங்கினதில்லை சார். மேல எழுதிப் போட்டுடாதீங்க. பிள்ளைகுட்டிக்காரன் சார்."

நீ தூங்கினதாலதான்யா என் பொண்ணு உயிரோட இருக்கா என்று வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் பாக்கியையும் சொல்ல வேண்டும். என் வேலை போகும், ஜெயில்கூட உண்டு.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சரி சரி, அழாதே. போனாப் போகுது, இந்த ஒரு தடவை மன்னிச்சு விடறேன்" என்றேன்.