முப்பது மீட்டர் கூடுதல்

இரண்டாவது இடத்தையும் தோண்டியாயிற்று. அங்கேயும் போன் கேபிள் முழுசாகத்தான் கிடந்தது.

பானுப்பிரியா கருவியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பினால், அறுந்த இடத்தில் முட்டித் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். இன்றைக்கு என்னவோ கணக்கு உதைத்தது.

"ஒம் புருசன் இழுத்த லைனுதானே தங்கச்சி? கோணலா இழுத்துட்டுப் போயிட்டான்" என்றார் மேற்பார்வையாளர் இஃப்திகார்.

செத்தவன் எதிர்த்துப் பேசவா போகிறான்? பானுவுக்குச் சுருக்கென்றது. மருதுபாண்டி போய் ஒரு வருடம்தான் ஆகிறது. அவன் வேலையைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். திறக்கிற குழியிலெல்லாம் அவன் போட்ட முடிச்சு. பின்னால் நிற்கிறானோ என்று சில நேரம் திரும்பிப் பார்ப்பாள்.

இணைப்பு இணைப்பாகச் சரிபார்த்தாள். ஏர்வாடி தர்கா பக்கத்துக் குழிவரை ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டியதும் வெளிச்சம் வரைபடக் கணக்கைவிட முந்நூறு நானோ நொடி பிந்தி வந்தது. அந்தக் குழியில் முப்பது மீட்டர் கேபிள் கூடுதலாகக் கிடக்கிறது. அப்படியென்றால் அறுந்தது, தோண்டிய இடத்துக்கு முப்பது மீட்டர் இந்தப் பக்கம்.

குழியின் மூடியைத் தூக்கினார்கள்.

விதிப்படி விட்ட சுருள் ஒரு பக்கம் இருந்தது. அதன் பின்னால், மண் படாமல் சாக்கு சுற்றி, சின்னதாக இன்னும் மூன்று சுருள்கள். ஒவ்வொன்றையும் ஒரு கறுப்பு அரைஞாண் கயிற்றால் கட்டியிருந்தான் மருதுபாண்டி.

இஃப்திகாருக்குச் சந்தோஷம். அறுந்ததை ஒட்ட இதையே இழுத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினார்.

"அவுக்காதீக பாய். புதுக் கேபிள் கொண்டாந்து ஒட்டிக்கிருவோம்."

மூன்று முறை அவள் வயிற்றில் கரு தங்கியது. மூன்று முறையும் மருதுபாண்டி பொறுக்க மாட்டாமல் ஏர்வாடிக் கடையில் முன்கூட்டியே கயிறு வாங்கி வந்தான். மூன்று முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மூன்றாவது பிள்ளையும் தவறிய அதே வருடத்தில்தான் இந்த லைனை இழுத்தான்.

கயிறுகள் எங்கே என்று அவள் கேட்டதில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சுக்காரன் என்று மட்டும் திட்டியிருக்கிறாள்.

பானு சாக்கைப் பழையபடி சுற்றிவிட்டு, குழிக்குள் குனிந்தபடியே அழுதாள்.

துபாயிலிருந்து அப்பன்மார் போனில் பிள்ளைகளைக் கொஞ்சிய கொஞ்சலெல்லாம், இத்தனை வருடமாக அந்த மூன்றையும் சுற்றிவிட்டுத்தான் ஊருக்குள் போயிருக்கிறது.