மணி மட்டும்

“ஒரு பேங்க் முழுசுக்கும் நெட்வொர்க் போட்டுக் குடுக்கிற மனுஷன்! மாமியார் வீட்டு ஒத்தைக் கேமராவைச் சொந்த போனுல கொண்டுவரத் துப்பில்ல!”

நக்கிபூலே இதை மெதுவாகச் சொல்லவில்லை. தெருமுனையில் வாழைப்பழம் சுட்டு விற்கும் நபோஸாவின் காதுவரை அது சென்றது. வாயிற்கதவுக்கு வெளியே காரில் சாய்ந்து நின்றிருந்த கணவன் செபுன்யாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவனோ மாமியார் கொடுத்தனுப்பிய தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

கேமரா சரிசெய்ய வந்திருந்த பியான்சி, கூடத்தில் ரௌட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார்.

“உங்க போன்ல படம் வருதா மேடம்?”

“பளிச்சுனு வருது. கோழிக் கொட்டகை, சமையலறை வாசல், எல்லாம் தெரியுது. அவர் போன்லதான் கறுப்பு. எப்பக் கேட்டாலும் ‘என்னவோ சிக்கல், பார்க்கிறேன்’ம்பார். பார்த்தபாடில்ல.”

“ஐயாவை உள்ள வரச் சொல்லுங்களேன். பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம்.”

“எங்கம்மா உள்ள இருக்காங்களே, எப்படி வருவார்? இந்தக் கேமராவை அவர் மாட்டினதே அம்மா சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான்.”

பியான்சி நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமியார் முகத்தை மாப்பிள்ளையும், மாப்பிள்ளை முகத்தை மாமியாரும் காண்பது உகாண்டாவிலுள்ள எங்கள் புகாண்டா நாட்டில் மரியாதையன்று. எதிரெதிரே வர நேர்ந்தால் ஒருவர் வழிவிட்டு ஒதுங்குவார்.

“அதெல்லாம் அந்தக் காலம்” என்றாள் நக்கிபூலே. “கேமராவுல பார்க்கிறது நேர்ல பார்க்கிறதாகுமா? சொன்னா, சரி சரின்னு தலையாட்டுறார். நான் நர்ஸு. வார்டுக்குள்ள போனா போனைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. அன்னைக்கு அம்மா பிரஷர் ஏறிச் சமையலறை வாசல்லயே விழுந்து கிடந்தாங்க. நபோஸா அக்கா தற்செயலா எட்டிப் பார்க்கலைன்னா…”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“இன்னைக்கு இது சரியாகணும். இல்லைன்னா கோழியெல்லாம் வித்துட்டு மசாக்காவுல அண்ணன் வீட்டுக்கு அம்மாவை அனுப்பப்போறேன். மாப்பிள்ளை இருக்கிற என் வீட்டுக்கு அவங்க வரமாட்டாங்க.”

உள்ளறையிலிருந்து அம்மா நல்வோகாவின் குரல் வந்தது. “என்னை அனுப்பு. என் கோழிகளை யாருகிட்ட அனுப்புவ? உங்க அண்ணி அதுகளைப் பார்த்தாலே எண்ணெய்ச் சட்டியை எடுத்து வச்சிருவா!”

பியான்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ரௌட்டரை அணைத்து எழுப்பினார். கேமராவுக்கு அலை எட்டுகிறதா என்று கொட்டகைவரை நடந்து பார்த்தார், எட்டியது. வாயிலுக்குப் போய்ச் செபுன்யாவின் போனை வாங்கிக் கடவுச்சொல்லைப் புதிதாய் அடித்தார், ஏற்றுக்கொண்டது. ஆயினும் திரை சட்டியின் அடிக்கரி போலக் கறுத்தே இருந்தது.

பின்தொடர்ந்து வந்த நக்கிபூலேயிடம், “உங்க போனைக் குடுங்க மேடம்” என்றார். அதில் யார் யாருக்கு என்னென்ன அனுமதி என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். அவர் விரல் நின்றது.

“மேடம், கோளாறு எதுவும் இல்ல. ஐயா போனுக்குப் படம் வரக்கூடாதுன்னு இங்க அடைச்சு வச்சிருக்கு. மணிக்கு மட்டும் அனுமதி. கொட்டகைப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா மணி அடிக்கும், அவ்வளவுதான். தானா இப்படி ஆகாது. கைதேர்ந்த ஆள் செஞ்ச வேலை.”

நக்கிபூலே மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“என் போன்ல எல்லாத்தையும் அமைச்சுக் குடுத்தது நீங்கதானே?”

“ஆமா.”

“வேணும்னேதான் அடைச்சீங்களா?”

“ஆமா.”

“அடப்பாவி மனுஷா! பார்த்துட்டா ஓடிவரணுமேன்னு கண்ணை மூடிக்கிட்டீங்களா? எங்கம்மா அங்க மண்ணுல கிடந்தப்ப, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் போனைப் பார்த்திருந்தா…”

செபுன்யா வாய் திறப்பதற்குள் பியான்சியின் கையிலிருந்த அவன் போன் ‘டிங்’ என்று ஒலித்தது.

அக்கணமே செபுன்யா வீட்டுக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கித் திரும்பிக்கொண்டான். பழக்கப்பட்ட திருப்பம் அது. அவனுக்குப் பின்னால், தீனிக் கிண்ணத்தோடு நல்வோகா கொட்டகையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

பியான்சி இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் சத்தம் கேட்டு நபோஸா இடுக்கியும் கையுமாக வந்து சேர்ந்திருந்தாள்.

“அடியே, யாரைப் பேசுற? தற்செயலா வந்தேன்னு உனக்கு எவ சொன்னா? சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாரேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு உன் புருஷன்தான்டி போன் பண்ணினார். ‘அக்கா, தினமும் இந்நேரம் அத்தை கோழிக்குத் தீனி போடுவாங்க, மணி அடிச்சிரும். இன்னைக்கு இன்னும் அடிக்கல. அடுப்பை விட்டுட்டு ஓடுங்க’ன்னார். நான் சுட்டுக்கிட்டிருந்த பழமெல்லாம் கரியாப் போச்சு!”

கொட்டகையில் கோழிகள் கொக்கரித்தன. செபுன்யா சாலையைப் பார்த்தபடியே நின்றான்.

பியான்சி தொண்டையைச் செருமினார். “மேடம்… ஐயா போனுக்குப் படத்தைத் திறந்து விட்டுடட்டுமா?”

நக்கிபூலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வேண்டாங்க. அம்மா இங்கேயே இருக்கட்டும். அந்த மணியை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா வச்சுக் குடுங்க.”