நடையை வைத்தே சொல்லிவிடுவார்

"இந்தப் பையனைத் தலையோட போர்வை போர்த்தி நடக்கவிட்டாலும் நடைய வெச்சே சொல்லிடுவேன், மேடம். இது பிரெண்டன் டீல்!" என்றார் வால்ட் டோம்ப்ரௌஸ்கி.

திரையில் ஓடிய ஆட்டக்காரனுக்கு முகம் இல்லை. முகம், முதுகு எண், சட்டையின் நிறம் எல்லாவற்றையும் வீடியோ அறைக்காரர்கள் சாம்பல் பூசி மறைத்திருந்தார்கள்.

"டீல்தான். அதுல எனக்கும் சந்தேகமில்ல" என்றான் லைல் ப்ரூவிட், மடிக்கணினியை விட்டுத் தலையைத் தூக்காமல். அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவின் இரட்டைத் தலைவர்களான இந்த இருவரும் மூன்று வருடங்களில் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

டொலீடோ ஹெரான்ஸ் என்ற அந்த அமெரிக்கக் கால்பந்து அணி போன சீசனில் பதினேழு ஆட்டம் ஆடிப் பதினைந்தில் தோற்றிருந்தது. லீகிலேயே அதுதான் கடைசி. அந்த வீரச் செயலுக்குப் பரிசாக, இந்த வருடம் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை அதற்குக் கிடைத்திருந்தது. பந்து எறிகிற குவார்ட்டர்பேக்தான் வேண்டும் என்பதில் தகராறில்லை. டீலா, மார்க்கெட்டி என்ற இன்னொரு பையனா என்பதில்தான் நான்கு மாதமாக முடிவெட்டும் கடையிலிருந்து சர்ச் வாசல் வரை ஊரே அடித்துக்கொண்டிருந்தது.

அணியின் முதலாளி கொரின் ஹால்டேன் மேஜையின் கோடியில் உட்கார்ந்து ஹாட்டாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணவர் குளிர்காலத்தில் இறந்தபோது ஒரு பெயிண்ட் கம்பெனியையும் இந்த அணியையும் விட்டுப்போயிருந்தார். பந்து உருண்டையா நீளமா என்பதே இந்த அம்மாளுக்குப் போன மாதம்தான் தெரிந்திருக்கும் என்பது வால்டின் கணிப்பு.

"ரெண்டு படம் இருக்கு. பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று காலையில் அவள் சொல்லியிருந்தாள். "அடுத்த சீசனுக்குத் தேர்வுக் குழுவில ஒரு தலைவர் போதும். உங்கள்ல யாருன்னு இன்னிக்கே முடிவு பண்ணிடறேன்."

வால்டுக்கு ஓய்வூதியம் முழுசாகக் கிடைக்க இன்னும் இரண்டே வருடம். இருபத்தொன்பது வருடமாகக் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்குகிறது. மகள் கல்யாணத்துக்குக்கூடக் கழற்றவில்லை. அவர் இதுவரை 'அடுத்த சகாப்தம்' என்று அறிவித்த மூன்று பேரில் ஒருவன் இப்போது ஏரிக்கரையில் படகு விற்கிறான். மற்ற இருவரும் அவனிடம் வேலை பார்க்கிறார்கள்.

"அந்த இடுப்பைப் பாருங்க, மேடம்! இந்த மாதிரி இடுப்பு தலைமுறைக்கு ஒண்ணுதான். எறிஞ்சதும் உள்ளங்கைய கால்சட்டைக்குப் பின்னாடி துடைக்கறான் பாத்தீங்களா? அடுத்த பந்துக்கு இப்பவே ரெடி. தளபதின்னா இவன்தான்."

"தளபதியா?" லைல் சிரித்தான். "பொறுமையே இல்ல. கிடைச்ச பக்கம் வீசிட்டு ஓடறான். என் கணக்குப்படி இவனுக்கு நூத்துக்கு நாப்பத்தொண்ணு."

"தம்பி, உன் கணக்கு போன வருஷம் எடுத்த ஆளு முதல் ஆட்டத்துல யாரும் தொடாமலே விழுந்து முட்டிய உடைச்சுக்கிட்டான்."

"ஆமா, உங்க ஆளுங்களுக்கு முட்டி நல்லா இருக்கு. படகு தள்ள உதவும்."

"போதும்" என்றாள் கொரின், வாயில் ஒட்டியிருந்த கடுகு விழுதைத் துடைத்தபடி. "அடுத்தது போடுங்க."

இரண்டாவது படம் ஓடியது. அதிலும் சாம்பல் பூசிய ஒரு பையன் வாங்குவதும் எறிவதுமாக இருந்தான்.

லைல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "மார்க்கெட்டி! பந்து கைய விட்டுப் போற வேகத்தைப் பாருங்க மேடம். யோசிக்கவே நேரம் எடுத்துக்கல. தொண்ணூத்தாறு! இது விளையாட்டில்ல, கணிதம்."

"கணிதமா? கழுதை!" என்றார் வால்ட். "இடுப்பா அது? துருப்பிடிச்ச கதவுக் கீல். ஒவ்வொரு தடவையும் கைய பின்னாடி துடைக்கறான், பாருங்க மேடம். உள்ளங்கை வேர்க்குது. இப்பவே இப்படின்னா எழுபதாயிரம் பேர் கத்தறப்போ என்ன ஆவான்? இவனை எடுத்தா இந்த வருஷம் பதினேழுலயும் தோப்போம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ரொம்ப வித்தியாசமா?" என்று கேட்டாள் கொரின்.

"மலைக்கும் மடுவுக்கும் உள்ளது" என்றார் வால்ட்.

"அதேதான். ஆனா மலை ரெண்டாவது" என்றான் லைல்.

"நாளைக்குப் பேச்சு மாறக் கூடாதில்ல? எழுதிக் குடுங்க. நீங்க சொன்னது தப்புன்னு ஆச்சுன்னா வேலைய விட்டுடறதாவும் சேர்த்து எழுதுங்க."

வால்டுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? மலையும் மடுவும் ஒன்றாகாது என்பதை அடித்துச் சொல்லி, தவறினால் அன்றே பதவி விலகுவதாக எழுதி, தேதியிட்டு, கையெழுத்தை ஆட்டோகிராஃப் மாதிரி சுழற்றிப் போட்டார். லைலும் அதையே எழுதினான், மலையை மட்டும் இடம் மாற்றி.

தாளை நீட்டும்போது வால்ட் லைலை இரக்கத்தோடு பார்த்தார். பையனுக்குப் புது வீடு, கைக்குழந்தை. பாவம், வேறு ஊரில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகப் போகட்டும் என்று மனதுக்குள் ஒரு சிபாரிசுக் கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டார்.

கொரின் இரண்டு தாள்களையும் நிதானமாகப் படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அப்ப யாரை எடுக்கறோம், மேடம்?" என்றார் வால்ட், புதுத் தலைவரின் குரலில்.

கதவருகே போன கொரின் திரும்பினாள்.

"ரெண்டு படத்துலயும் இருந்தது ஒரே பையன்."