இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதில்

"எந்தப் பொத்தானை அழுத்தினீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"'அனுப்பு' பொத்தானைத்தான் மேடம்."

"அதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

"ஊரார் கடிதத்தையெல்லாம் படிப்பேன் மேடம். நான் எழுதினதைப் படிக்கிற தைரியம்தான் எனக்கு இல்ல."

மேலாளரான அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நிலைமை மோசம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

நீலவால் விமான நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் அவனுக்கு 'பதில் மன்னன்' என்று பட்டப்பெயர். எந்தப் புகார் வந்தாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதில் போட்டுவிடுவான். அதில் ஒரு மன்னிப்பு, ஒரு சிரிப்பு, இரண்டு ஆறுதல் வார்த்தை, கீழே அவன் பெயர். போட்டி நிறுவனமான மஞ்சள்வாலுக்கு அகலமான இருக்கை என்றால், நீலவாலுக்கு இந்தப் பதில்தான் பெருமை. விளம்பரத்திலும் இதையே போட்டிருந்தார்கள்.

புகார் தருபவரின் பெயர் தெரிந்தால் பாரபட்சம் வருமாம். அதனால் கணினியில் இருக்கை எண் மட்டுமே தெரியும். ஒரு பயணிக்கு எப்போதும் ஒரே அதிகாரி. அப்படி மன்னனுக்கு வாய்த்தவர் 'இருபத்தொன்று சி'. மாதம் ஒரு பயணம், எப்போதும் அதே இருக்கை, மாதம் ஒரு புகார். நேற்று அவருக்கு வழக்கம்போல் பதில் தட்டியவன், பக்கத்து மேசைக்காரருக்கு வேடிக்கையாக எழுதிய குறிப்பையும் அதன் அடியிலேயே விட்டு அனுப்பிவிட்டான்.

மேலாளர் அதை உரக்கப் படித்தார். "'பெரிசுக்குப் பேச ஆளில்ல போல. மாசாமாசம் நம்ம உயிரை வாங்குது.' நல்லாயிருக்கா?"

"எழுதும்போது நல்லாயிருந்துச்சு மேடம்."

"அவர் எழுதினதையும் கேளுங்க. 'மஞ்சள்வாலில் காலை நீட்டித் தூங்கலாம். உங்கள் விமானத்தில் என் முழங்காலும் முன்னால் இருப்பவர் முதுகும் இடித்து இடித்தே சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன.'" மேலாளர் நிமிர்ந்தார். "அச்சு அசல் உங்களை மாதிரியே எழுதறார்."

"அதனாலதான் மேடம், மனுஷன்மேல எனக்கு உள்ளூர ஒரு இது."

"அந்த இதோட கிளம்புங்க. உங்க குறிப்போட அவர் மஞ்சள்வால் பக்கம் போனா, நாளைக்கு அவங்க விளம்பரமே அதுதான். பதினொரு மணி விமானத்துல வந்து இறங்கறார். நேர்ல மன்னிப்புக் கேளுங்க. அவர் மன்னிக்கலைன்னா உங்க மேசையை நானே காலி பண்ணிடுவேன்."

பத்தே முக்காலுக்கு மன்னன் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் நின்றான். கையில் ஒரு பூச்செண்டு, சட்டைப் பையில் ஓர் இலவசப் பயணச்சீட்டு. செல்போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, ஊருக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்றேன், பண்றேன். இந்தப் பெரிசைச் சமாளிச்சிட்டு மொத வேலை அதுதான்."

"போன மாசமும் ஒரு பெரிசு பேரைத்தான் சொன்னீங்க."

"அதே பெரிசுதான்மா. ஆளை மாத்திப் பொய் சொல்ற அளவுக்கு நான் மோசமில்ல."

இணைப்பு அறுந்தது.

நீலவாலின் விமான நிலைய ஊழியப் பெண் ஒருத்தி அருகில் வந்தாள். "இருபத்தொன்று சி ஐயாவுக்காகவா சார்? தங்கமான மனுஷன். முழங்கால் வைத்தியத்துக்கு வர்றார். காலையில வந்து சாயங்காலமே திரும்பிடுவார்."

"தங்கம்தான். எனக்கு எழுதும்போது மட்டும் தகரமாயிடறார். கால்ல விழறதுன்னு முடிவு பண்ணிட்டேன். போட்டோ கீட்டோ எடுத்துடாதீங்க."

அவள் சிரித்தாள். "நானும் கேட்டேன் சார், மஞ்சள்வால்ல உங்க காலுக்குச் சௌகரியமா இருக்குமே, அதுல வரலாமேன்னு. வாயே திறக்க மாட்டேங்கறார்."

"நானும் மூணு கடிதத்துல கேட்டுட்டேன். அதுக்கு மட்டும் பதில் வராது. எனக்கு வாய்க்கிறது எல்லாமே இப்படித்தான்."

சொல்லும்போதே அந்தக் குறிப்பு நினைவுக்கு வந்தது. பேச ஆளில்லாத ஒருவரிடம், அதையே குத்திக்காட்டியாயிற்று. வேலை போய்விடும் என்பதைவிட இதுதான் இப்போது அதிகமாக உறுத்தியது. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பாரோ?

சக்கர நாற்காலி வரும் சத்தம். மன்னன் பூச்செண்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது கட்டுப்போட்ட ஒரு முழங்கால் மட்டுமே.

"ஐயா, நான் எழுதினது பெரிய தப்பு. வேடிக்கைன்னு நினைச்சு எழுதிட்டேன். நீங்க திட்டுங்க, வாங்கிக்கறேன். இனிமே மஞ்சள்வால்லயே போங்க, அதுக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க காலுக்கு அதுதான் நல்லது." பூச்செண்டை இன்னும் உயர்த்திக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்கய்யா. அவ்வளவு சௌகரியத்தை விட்டுட்டு, ஏன் எங்க விமானத்துலயே வர்றீங்க?"

பூச்செண்டை ஒரு கை மெல்ல விலக்கியது.

"மஞ்சள்வால்ல எல்லாமே சௌகரியம்தான்டா," என்றார் அவனுடைய அப்பா. "ஆனா, அங்க புகார் எழுதினா நீ பதில் போட மாட்டியே."