பிரேக் இல்லாத விமானம்

எழுபத்திரண்டாம் வருஷக் கோடை. காக்களூர் ஏரி வற்றிக் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. அதன் நடுவே, லேத்துப் பட்டறை சுப்பராயன் நான்கு வருஷமாகத் தன் கையால் கட்டிய விமானம் முதல்முறை பறப்பதற்காக உறுமிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பிரேக் கிடையாது. எஞ்சின் வேகம் பிடிக்கும்வரை வாலின் ஒரு பக்கத்தை அவன் மனைவி எல்லம்மாவும் மறுபக்கத்தைத் தம்பி துலுக்காணமும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே ஓட்ட உட்கார்ந்திருக்கும் சுப்பராயன் கையைத் தூக்கியதும் விட்டுவிட வேண்டும். புழுதி பறக்கிறது, அவள் தைத்த றெக்கைத் துணி படபடவென்று அடித்துக்கொள்கிறது. கை உயர்கிறது. துலுக்காணம் விட்டுவிடுகிறான். எல்லம்மா விடவில்லை. விமானம் அவள் பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. “அண்ணி, உட்டுடுங்க! சாஞ்சிடப் போவுது!” அவளோ முன்னால் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறாள்: “இன்னாய்யா, சொல்லிக்காமயே போற?” சுப்பராயன் திரும்பிப் பார்க்கிறான். பதற்றத்தில் மறந்தே போயிருக்கிறான். இரைச்சலில் குரல் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைகிறது: “போய்ட்டு வரேன், எல்லம்மா.” அவள் விரல்களைப் பிரிக்கிறாள். விமானம் குதித்துக் குதித்து ஓடுகிறது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. கரையிலிருக்கும் பனைகளுக்கு மேலே ஏறிவிட்டது. துலுக்காணம் துண்டைச் சுழற்றிக் கூத்தாடுகிறான். எல்லம்மா இடத்தைவிட்டு நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. திரும்பி வந்தால் பிடித்து நிறுத்த ஆள் வேண்டுமே.