உறை மோர்

வியட்நாமில், கான் ஹொய் துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள தகரக் கூரை வீட்டில், காலை வெயில் ஒடெட்டின் மடியில் கிடக்கும் மகன் ரெமியின் விலா எலும்புகள் மேல் கோடுகோடாக விழுகிறது. ஒன்றரை வயது, தூக்கினால் துணி மூட்டை மாதிரி லேசாக இருக்கிறான். பேதி கண்டதிலிருந்து பசி என்று ஒருமுறைகூட அழவில்லை. பேதிக்குக் கொடுத்த மருந்து குடலிலிருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டது, தயிர் கொடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் விற்கிற இனிப்புத் தயிரை அவள் நம்பவில்லை. முந்தாநாள் கழுத்துச் சிலுவையோடு செட்டியார் கோயில் மடைப்பள்ளி வாசலில் போய் நின்றாள். விளக்கு வைத்தபின் உறை மோர் தரமாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று நடுப்பகலிலேயே பாலம் தாண்டி ஓடி, ஒரு கரண்டி வாங்கிவந்து, பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி உறை ஊற்றி, போர் ஹெலிகாப்டர் சத்தத்தில் சட்டி அதிரக் கூடாதென்று கம்பளிக்குள் பொதிந்து வைத்தாள். இப்போது சட்டியை மெல்லச் சாய்த்துப் பார்க்கிறாள். "உறைஞ்சிருக்கா?" என்கிறான் புருஷன் மார்செல், சட்டைப் பொத்தானை மாட்டியபடி. "கட்டியா இருக்குங்க." பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வியட்நாமியக் குழந்தை ஒன்று சோற்றுக்குக் கத்துகிறது. அந்த அழுகையைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டே ஒடெட் ஒரு கரண்டி ஊட்டுகிறாள். ரெமி வாயிலேயே வைத்திருக்கிறான். பிறகு தொண்டை அசைகிறது. நாக்கு உதட்டைத் துழாவுகிறது. காலிக் கரண்டியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழுகிறான். "குடுத்துடேன், புள்ள கேக்குறான்ல!" என்கிறான் மார்செல். அடுத்த கரண்டி அவள் கையிலேயே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.