கதவோரம் நின்றவர்

வாரப் பத்திரிகைக்குப் பட விமர்சனம் எழுதும் சாம்பவி யாரையும் இலேசில் பாராட்டமாட்டாள். கொட்டாஞ்சேனை றொஹான் சொந்தக் காசில் எடுத்த பேய்ப்படத்தையும் கிழித்துத்தான் எழுதினாள். ஒருவரை மட்டும் விட்டுவைத்தாள். இருட்டுக் காட்சிகளில் கதவோரம் பேசாமல் நிற்பவர், நின்றே பயமுறுத்துகிறார் என்று எழுதினாள்.

விமர்சனம் வெளியான ஞாயிறு மத்தியானம் றொஹான் அவளுக்கு ஃபோன் எடுத்தான்.

“அக்கா, திட்டினது பரவாயில்லை. ஆனா நடிச்சது நானும் என்ர மிஸிஸும் மட்டும்தான். கதவோரம் ஆரும் நிக்கேல்ல. நீங்க படம் பார்க்காமலே எழுதினதெண்டு எல்லாரும் சிரிக்கினம்.”

“பார்த்துத்தான் தம்பி எழுதினனான். பொறு, அந்தக் காட்சியை ஃபோனில படமெடுத்து அனுப்பிறன்.”

பார்க்காமல் எழுதினவள் என்று பெயர் வந்தால், பிறகு அவள் எழுதுவதை யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் தனியாகப் படம் பார்க்கும்போது செய்வதுபோலவே திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி இருந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லாப்டொப்பில் படத்தை ஓடவிட்டாள்.

இருட்டுக் காட்சி வந்தது. கண்ணாடிபோல் கறுத்த திரையில் அவர் அதே இடத்தில் நின்றார். சாம்பவி காட்சியை நிறுத்திவிட்டு ஃபோனைத் தூக்கினாள்.

நிறுத்திய படத்தில் அவர் ஓரடி முன்னால் வந்தார். அவர் விலகிய இடத்தில், கதவில் மாட்டியிருந்த சாம்பவியின் குடை தெரிந்தது.